மெகாவொட்டில் ஒரு தொட்டி சுடுதண்ணீர்

"ஆசனம் ஐம்பத்து நாலு எண்டு எழுதி ஈக்கிதே, இது யார்ட இடுப்ப வெச்சு அளந்தது, தம்பி?"

அக்குறணையிலிருந்து கண்டிக்கு வருகிற காலை பஸ்ஸில், மூன்று பேர் இருக்கையின் ஓரத்தில் பாதி உடம்பை நடைவழிக்குத் தானம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பாயிஸா கேட்கிறார். இன்றைக்கு முதல் தடவையாகக் கேட்கவில்லை. கொண்டக்டருக்கும் பதில் பாடமாகிவிட்டது. ஈர்க்கில் போன்ற தன் இடுப்பைத் தட்டிக் காட்டி, "இந்தா, இத வெச்சுத்தான் தாத்தா" என்கிறார். பஸ் சிரிக்கிறது. ஒற்றைக் காலில் நிற்பவர்கள்தான் கூடுதலாகச் சிரிக்கிறார்கள். அவர்கள் அந்த ஐம்பத்து நாலில் சேர்த்தியே இல்லை.

(வெளியூர் வாசகர் திடுக்கிட வேண்டாம். கண்டிப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள், அண்ணனை நானா என்பார்கள். ஐம்பது கடந்த பாயிஸாவுக்குத் தாடியும் இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை.)

யட்டிநுவர வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். ஒரு மேசை, இரண்டு கதிரை, கதவு சரியாக மூடாத ஓர் அலுமாரி, ஒரு ஃபிளாஸ்க் இஞ்சித் தேத்தண்ணி. மின்சாரம் செய்து விற்கிறவர்களுக்கு ஒப்பந்தம் எழுதுவது தொழில். இப்படியொரு தொழில் இருப்பதே பலருக்குத் தெரியாது. கூரையில் சூரியத் தகடு போட்ட கல்யாண மண்டபக்காரர், தோட்டத்து ஓடையை மறித்துச் சுழலி வைத்தவர், கோயில் கூரையில் தகடு பதித்துவிட்டு அம்மன் கணக்கில் எழுதச் சொல்லும் தர்மகர்த்தா என்று எல்லோரும் அந்த மரப்படியில் மூச்சு வாங்க ஏறி வருகிறார்கள். சட்டத்தரணி கையெழுத்து வைப்பார். சண்டை பிடிப்பது பாயிஸா.

சண்டை விலையில் வரும் என்றுதான் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அது 'இயலளவு' என்கிற சொல்லில் வரும். ஒரு நிலையத்தால் எவ்வளவு மின்சாரம் தர இயலும் என்ற அளவு. கேட்க எவ்வளவு சாதுவான சொல்! ஆனால் அதை எந்த இடத்தில் வைத்து அளப்பது என்று கேட்டால், தகப்பனும் மகனும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். இயந்திரத்தின் நெற்றியில் பொறித்திருப்பது ஒரு கணக்கு. உள்ளே மின்பலகையில் ஊசி காட்டுவது இன்னொன்று. வழியில் இழந்து, நிலையமே கொஞ்சம் தின்று, வாங்குகிறவருடைய மீட்டரில் போய் விழுவது வேறொன்று. பாயிஸா இதற்கெல்லாம் படம் கீறுவதில்லை.

"மாடு கறக்கிறது ஒரு கணக்கு. கன்டு குடிச்ச மிச்சம் வாளிக்கு வாறது ஒரு கணக்கு. கொண்டு போற வழியில சிந்தினது போக, வாங்குறவன்ட போத்தல்ல விழுறது ஒரு கணக்கு. ஒப்பந்தம் போத்தலுக்கு. மாட்டப் பத்தி ஒங்கட ஊட்டுல போய்ப் பேசுங்க."

ஒருமுறை மடவளைப் பேக்கரிக்காரர் ஒருவர் வந்தார். கூரைத் தகடுகளைக் கூட்டினால் பன்னிரண்டு கிலோவொட். அதை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டிக்கோ பத்துக்கு மேல் விடத் தெரியாது. அவர் பன்னிரண்டு என்று எழுதச் சொன்னார். "ஒங்கட போறணையில பன்னிரண்டு தட்டுப் பாண் வேகட்டும். கதவால ஒரு நேரத்துக்குப் பத்துத் தட்டுத்தானே வெளிய வாற?" என்றார் பாயிஸா. மனிதர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த கிழமை வந்து பத்துக்குக் கையெழுத்து வைத்தார். அதோடு சீனிச்சம்பல் பனிஸ் ஒரு பெட்டி. மூடியில் 'பத்து' என்று பெரிதாக எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு. பாயிஸாவுக்குத் தன் தொழிலில் கிடைத்த ஆக நல்ல பதிலடி அதுதான் என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

இந்தக் குணம் தொழிலோடு வந்ததா, குணத்தால் தொழில் வந்ததா என்பதற்குக் கணவர் ஸாகியிடம்தான் சாட்சி இருக்கிறது. பெண் பேச வந்த தரகர், மாப்பிள்ளை ஐந்தடி எட்டு அங்குலம் என்று புகழ்ந்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டதாம்: "தொப்பியோடயா, தொப்பி இல்லாமயா?" உம்மா வாயைப் பொத்தினார். ஸாகி முன்னறையில் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இல்லாம ஐஞ்சடி ஆறு" என்றார். அந்த இடத்திலேயே கல்யாணம் முடிவானது. மனிதர் இன்றைக்கும் வீட்டுக்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்றிவிடுகிறார். பழக்கமா, பயமா என்று கேட்டால் சிரிக்கிறார்.

அப்படிப்பட்ட பாயிஸாவிடம்தான் மூத்த சகோதரர் ஜவாஹிர் ஹாஜியார் தன் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஜவாஹிருக்கு அக்குறணையில் இரும்புச் சாமான் கடை. ஹுன்னஸ்கிரிய மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து ஓடையில், சின்ன நீர்மின் நிலையம். கடை சோறு போடுகிறது. ஆனால் பெயர் போடுவது நிலையம். அதன் வாசலில் ஆளுயர எழுத்தில் 'ஒரு மெகாவொட்' என்று பலகை. பள்ளிவாசல் முற்றத்தில் அவரை 'மெகாவொட் ஹாஜியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடாதவர்களுக்கு அவரே ஞாபகப்படுத்துவார்.

நிலையத்தின் பழைய ஒப்பந்தம் முடியப் போகிறது. பழையதில் இயலளவு என்பது இயந்திரத்தின் பலகையில் உள்ள எண். அது ஆயிரம் கிலோவொட், அதாவது முழுசாக ஒரு மெகாவொட். புதியதில் நிபந்தனை மாறிவிட்டது: தெருவோரத்தில், மின்சாரத்தை ஒப்படைக்கும் மீட்டரில், எல்லாம் போக எவ்வளவு வருகிறதோ அதுதான் இயலளவு. நிலையக்காரர் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். ஓடை நிரம்பியிருக்கும் நாளில் வாங்குகிறவர்களின் பொறியியலாளர் வந்து, ஒரு மணித்தியாலம் மீட்டர் அந்த எண்ணுக்குக் கீழே இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார். கூட்டிச் சொன்னால் சோதனையில் விழும், ஒப்பந்தமும் போய்விடும். பயந்து குறைத்துச் சொன்னால், அந்த எண்ணுக்கு மேலே போவதற்குக் காசு கிடையாது. ஒப்பந்தம் போனால் இயந்திரம் தனக்குத்தானே சுழல வேண்டியதுதான். மலையில் அதை நம்பிச் சாப்பிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன.

"ஆயிரம் எண்டு போடு தங்கச்சி."

"எங்க வெச்சு ஆயிரம், நானா?"

"மெஷின்ட நெத்தியில எழுதி ஈக்கிது. ஜேர்மன்காரன் எழுதின. ஒனக்கு ஜேர்மன்காரன் மேலயும் சந்தேகமா?"

"ஜேர்மன்காரன் மெய்தான் சொல்லுற. ஆனா அவன் தெருவோரத்துல நிண்டு பார்த்தில்லயே."

"நான் மெகாவொட் ஹாஜியார் புள்ள. கொறச்சுப் போட்டா நாளைக்கு என்ன என்னெண்டு கூப்பிடுவாங்க? முக்கால் ஹாஜியார் எண்டா?"

பாயிஸா பேனாவை மூடிவிட்டார். அளக்காமல் எழுத மாட்டார். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுடைய வேனில் இருவரும் ஹுன்னஸ்கிரிய போனார்கள். தெல்தெனிய தாண்டும்போது கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் தெரிந்தது. ஜவாஹிர் அதைத் தாடையால் காட்டி, "அதுவும் கரண்டு, நானும் கரண்டு" என்றார். தொழில் முறையில் சக வியாபாரியைப் பார்க்கிற பார்வை.

மழை பெய்து ஓய்ந்த நேரம். ஓடை குதித்துக்கொண்டிருந்தது. பாயிஸா தெருவோர மீட்டர் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஜவாஹிர் மேலே இயந்திர அறைக்குப் போனார். அங்கே பொறுப்பாளர் சுதேஷ், அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், மதகை முழுக்கத் திறந்தார். போன் இருவரையும் இணைத்தது.

"சுதேஷ், உள்ள எவ்வளவு?"

"ஆயிரங்க நோனா! ஊசி அசையல!" (நோனா என்றால் மலையில் அம்மணி.)

ஜவாஹிர் போனைப் பறித்தார். "கேட்டியா?"

"கேட்ட நானா. இங்க எண்ணூற்றெண்பது."

"மீட்டர் பொய் சொல்லுற."

"அதுக்குப் பொய் சொல்லிக் குடுக்க ஒரு நானா இல்ல."

நூற்றிருபது கிலோவொட் எங்கே? பாயிஸா அபாயாவின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்பி போகிற வழியே படியேறினார். கம்பியும் மின்மாற்றியும் சூடாகிக் குடிப்பது நாற்பது என்று சுதேஷ் கணக்குச் சொன்னார். அறைக்குள் பம்பும் விசிறியும் விளக்கும் இருபது. இதுவரை சரி. மிச்சம் அறுபது?

"வேற ஒண்ணும் இல்லீங்களே. சத்தியமாங்க."

சுதேஷ் பொய் சொல்லவில்லை. முகத்திலேயே தெரிந்தது. ஜவாஹிர் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொக்கி போட்டுத் திருடுவதாக ஒரு கதையைத் தொடங்கினார். கதை நடுவில் நிற்கும்போது பாயிஸாவின் மூக்குக்கு ஒரு வாசனை வந்தது. சந்தனச் சவர்க்காரம்.

இயந்திர அறையின் பின்பக்கம் ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், தேயிலைத் தொழிற்சாலைக் காலத்து இரும்புத் தொட்டி ஒன்று. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கிற சத்தம், வாளிச் சத்தம், தலையைத் தேய்க்க விடாமல் அலறும் குழந்தையின் சத்தம். மலைக்குளிரில் பல் கிடுகிடுக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊரே பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தது. குழாயடியில், தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, முறை வைத்து வாளி நிரப்பிக்கொண்டிருந்தவர் வேலாயி. கொழுந்து பறித்து ஓய்ந்தவர். தொட்டிக்கு அவரை யாரும் நியமிக்கவில்லை. அவரை நீக்கவும் யாராலும் முடியாது.

"வாங்க நோனா. சோப்பு கொண்டாந்தீங்களா?"

"இது என்ன தொட்டி?"

"மிச்சத் தொட்டிங்க."

விஷயம் இதுதான். முன்னொரு காலத்தில் இந்தச் சுழலி தேயிலைத் தொழிற்சாலைக்கு மட்டும் ஓடியது. தொழிற்சாலை கொஞ்சமாக எடுக்கிற நேரத்தில் மிஞ்சுகிற மின்சாரத்துக்கு ஒரு போக்கிடம் வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் கட்டுக்கடங்காமல் சுற்றும். அதற்காகத் தொட்டித் தண்ணீருக்குள் சூட்டுச் சுருள் வைத்து, மிச்சத்தை அதில் கொட்டினார்கள். தொழிற்சாலை மூடியது. நிலையம் ஊர் மின்கம்பியோடு சேர்ந்தது. இனி மிச்சம் என்று ஒன்று கிடையாது; எவ்வளவு செய்தாலும் கம்பி வாங்கிக்கொள்ளும். ஆனால் தொட்டிக்கு அதை யாரும் சொல்லவில்லை. அது தன்பாட்டில் இரவும் பகலும் கொதித்துக்கொண்டிருந்தது. பெயரோ அதே 'மிச்சத் தொட்டி'. மிச்சத்தை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

சுதேஷ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இது கரண்டுல சேர்த்தியாங்க நோனா? இது குளிக்கிற தண்ணியாச்சே!"

"நானா, ஒங்களுக்குத் தெரியுமா இது?"

ஜவாஹிர் வானத்தைப் பார்த்தார். "தெரியாம? வாற நேரமெல்லாம் நானும் இதுலதான் குளிக்கிற. முட்டி வலிக்கு இத விட்டா மருந்தில்ல."

ஆக, மெகாவொட்டின் ஒரு துண்டை வரும்போதெல்லாம் முழங்காலில் ஊற்றிக்கொண்டே, மெகாவொட்டைக் காணோம் என்று தேடியிருக்கிறார். பாயிஸாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. ஜவாஹிருக்கோ வேறொரு யோசனை முளைத்திருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"இத நிப்பாட்டினா அறுபது கூடுமா?"

"கூடும். தொளாயிரத்து நாற்பது."

"ஆயிரத்துக்குக் கிட்ட."

"கிட்டதான். ஆனா மெகாவொட் இல்ல."

வேலாயிக்குக் காது நல்ல காது. வாளியைக் கீழே வைத்தார்.

"நிப்பாட்டுங்க ஹாஜியார். தாராளமா நிப்பாட்டுங்க. புள்ள பெத்தவ, காய்ச்சக்காரன், கெழடு கட்டை எல்லாரும் பச்சத் தண்ணியில முங்கிக்கிறோம். நீங்க அடுத்த தடவ வாறப்ப, ஒங்க முட்டிக்கு மெகாவொட்ட ஊத்திக்குங்க."

தகரத் தடுப்புக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. யாரோ வாளியைத் தட்டித் தாளம் போட்டார்கள். ஹாஜியாருக்குக் காது சிவந்துவிட்டது. நேரே வேனுக்குப் போய்த் துவாயை எடுத்துக்கொண்டு, தொட்டியின் மறுபக்கத்து ஆண்கள் குளிக்கிற இடத்துக்குள் நுழைந்தார். பாயிஸா ஃபிளாஸ்க்கைத் திறந்து, வேலாயிக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. ஒரு மனிதர் யோசிப்பதற்கு எத்தனை வாளி வேண்டும் என்பது எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

வெளியே வந்தபோது ஜவாஹிரின் முகம் புதுப் பாத்திரம் போல் பளபளத்தது. முழங்கால் இரண்டும் நேராக நடந்தன.

"எண்ணூற்றெண்பது எண்டு போடு."

"மெய்யா, நானா?"

"மெய்தான். ஆனா பலகைய கழட்டச் சொன்னா கொன்டு போடுவன்."

"என்னத்துக்குக் கழட்டுற? பலகை மெஷின் கதய சொல்லுற. ஒப்பந்தம் மீட்டர் கதய சொல்லுற. ரெண்டும் மெய். நடுவுல நீங்க குளிச்சிக்கிட்டு ஈரிங்க."

அன்றிரவு எழுதிய வாசகத்தைப் பாயிஸா ஒளிக்கவில்லை. 'இயலளவு என்பது, நிலையத்தின் சொந்தப் பாவனையும் வழி இழப்பும் போக, ஒப்படைக்கும் இடத்து மீட்டரில் தொடர்ந்து தரக்கூடிய மின்வலு.' சொந்தப் பாவனை என்றால் என்ன? பம்பு, விசிறி, விளக்கு, 'நிலையத்தாரும் அயலாரும் பயன்படுத்தும் வெந்நீர்த் தொட்டி'. வாங்குகிறவர்களின் பொறியியலாளர் தவரூபன், யாழ்ப்பாணத்துக்காரர், இதை வாசித்துவிட்டுப் போன் எடுத்தார்.

"அக்கா, சுடுதண்ணித் தொட்டியோ?"

"ஓம் தம்பி. விசிறி மெஷின்ட சூட்ட எடுக்குது. தொட்டி மெஷினப் பாக்குறவங்களுக்குச் சூடு குடுக்குது."

மறுமுனையில் சிரிப்பை விழுங்குகிற சத்தம். "மீட்டருக்கு அங்கால நீங்கள் என்ன காய்ச்சினாலும் எனக்குப் பிரச்சினையில்லை. இங்கால எண்ணூற்றெண்பது வரவேணும். வாற கிழமை சோதனைக்கு வாறன்."

வந்தார். மலையே நல்ல உடுப்புப் போட்டு நின்றது. ஓடை நிரம்பி வழிந்தது. தெருவோர மீட்டருக்கு முன்னால் தவரூபனும் பாயிஸாவும் ஜவாஹிரும். ஊசி எண்ணூற்றெண்பத்து மூன்றில் ஏறி உட்கார்ந்தது. பாதி நேரம் வரைக்கும் ஜவாஹிர் தஸ்பீஹ் மணி உருட்டினார். அதற்குப் பிறகு உருட்ட மறந்தார், ஏனென்றால் ஊசி ஒரேயடியாக எண்ணூற்று ஐம்பதுக்குச் சரிந்திருந்தது.

தவரூபனின் புருவம் உயர்ந்தது. ஜவாஹிரின் வாய் திறந்தபடி நின்றது. பாயிஸா சுதேஷுக்குப் போன் அடித்தார். இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அடுத்த கணம் அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படியில் ஓடினார். ஐம்பது கடந்த, பஸ்ஸில் ஒன்றரை இருக்கை கேட்கிற உடம்பு, ஈரக் கல்லில், செருப்பு ஒன்று கழன்று பள்ளத்தில் விழ, அதைத் திரும்பியும் பார்க்காமல்.

தொட்டியடியில் வேலாயி புதுச் சேலையோடு, புதுச் சவர்க்காரத்தை உறை பிரித்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். தொட்டியில் இரண்டு சூட்டுச் சுருள். இரண்டாவது எப்போதும் நிறுத்தியே இருக்கும். இன்று அதையும் முடுக்கியிருந்தார்.

"என்ன வேல பார்த்தீங்க வேலாயி!"

"எஞ்சினியர் ஐயா எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காரு. குளிக்க வேணாமாங்க? இருக்கிற சூடு நமக்குப் போதும், வெளியாளுக்குப் பத்துமா?"

அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை. பாயிஸா இரண்டாவது சுவிட்சை இறக்கினார். கீழே வந்து சேர்ந்தபோது ஊசி பழைய இடத்துக்கு ஏறியிருந்தது. ஆனால் இறங்கினது இறங்கினதுதான். ஜவாஹிர் காதோரம் வந்தார்.

"கம்பியில கொப்பு முறிஞ்சு விழுந்த எண்டு சொல்லு. அல்லாஹ்வுக்காக."

தவரூபன் நேராகப் பார்த்துக் கேட்டார். "என்ன நடந்தது அக்கா?"

கொப்பு என்றால் சோதனை நாளை ஒத்திவைத்துவிடலாம். தொட்டி என்றால் எழுதிக் கொடுத்த சொந்தப் பாவனையை நிலையமே மீறியது என்றாகும். மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஒரு கால் செருப்போடு, ஒரு கால் சேற்றோடு நின்ற பாயிஸா சொன்னார்:

"ஒங்களுக்குக் குளிக்கத் தண்ணி காய்ச்சினாங்க தம்பி. கூடுதலா."

தவரூபன் மீட்டரைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. "எனக்கோ? இத்தனை நிலையத்துக்குப் போயிருக்கிறன். தேத்தண்ணி தந்திருக்கினம். முப்பது கிலோவொட்டில தண்ணி காய்ச்சினது ஒருத்தரும் இல்லை." கைக்கடிகாரத்தைத் திருப்பினார். "நிபந்தனையில ஒருக்கா திருப்பித் துவங்க இடம் இருக்கு. ஒருக்காத்தான். முதலில இருந்து பாப்பம்."

அந்த மணித்தியாலம் மலையில் யாரும் அசையவில்லை. உண்மையாகவே அசையவில்லை. செய்தி மேலே போனதும் வேலாயி சுவிட்சுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, குழாயையும் பூட்டிவிட்டார். தலையில் நுரையோடு மூன்று பெண்கள் தடுப்புக்கு உள்ளே மாட்டிக்கொண்டார்கள்.

"அக்கா, தண்ணி எடுக்கிறதால கரண்டு கொறையாது," என்று சுதேஷ் கெஞ்சினார். "சுவிட்ச தொடாட்டி போதும்."

"கரண்டு பத்தி ஒனக்கு என்னாடா தெரியும்? ஒரு சொட்டு எடுத்தா கைய முறிப்பேன்!"

"கண்ணு எரியுதுக்கா!" என்றது நுரைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"எரியட்டும். ஹாஜியாருக்கு வயிறு எரியுது, அதவிடவா?"

எண்ணூற்றெண்பத்திரண்டு. எண்ணூற்றெண்பத்து மூன்று. ஒரு தடவை எண்ணூற்றெண்பத்தொன்று. அப்போது ஜவாஹிர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது தவரூபன் பேனாவை எடுத்து, எண்ணை எழுதி, கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஹாஜியார் கையைக் குலுக்கவில்லை. ஆளையே கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். முழங்கால் அனுமதிக்கவில்லை.

மேலே சுதேஷ் விசிலடித்தார். குழாய் திறந்தது. நுரைத் தலைகள் மூன்றும் ஒரே வாளிக்குள் பாய்ந்தன.

"அக்கா," என்று தவரூபன் தொண்டையைச் செருமினார், "அந்தச் சுடுதண்ணி இன்னும் கிடக்கோ?"

அவர் குளித்தார். மனிதர் தகரத் தடுப்புக்குப் பின்னால் பாடவும் செய்தார். யாழ்ப்பாணத்துக் குரல் ஹுன்னஸ்கிரிய மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ஜவாஹிர் வேனில் சாய்ந்துகொண்டு, அக்குறணையில் யார் யாருக்கு நம்பர் இருக்கிறதோ அவ்வளவு பேருக்கும் போன் போட்டார். "ஓம், கெடச்சிட்டு! முழுசா! ஒரு மெகாவொட், ஒரு மெகாவொட்!" ஒவ்வொரு 'மெகாவொட்'டுக்கும் சுதேஷ் திரும்பிப் பாயிஸாவின் முகத்தைப் பார்த்தார். தோட்டத்து வரிசை வீட்டு லயத்துப் பெண்கள் பார்த்தார்கள். இப்போது ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

பாயிஸா இயந்திர அறைப் படியில் உட்கார்ந்திருந்தார். ஓடின கால் வீங்கியிருந்தது. வேலாயி ஒரு பெரிய பேசினைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, மிச்சமிருந்த செருப்பையும் கழற்றச் சொல்லி, தொட்டித் தண்ணீரைக் கணுக்கால் நனைய ஊற்றினார். ஆவி எழுந்து மூக்குக்கண்ணாடியை மூடியது. அந்தப் பக்கத்தில் ஹாஜியார் இன்னொரு நம்பரைப் பிடித்து, "ஆயிரம் தம்பி, சுளையா ஆயிரம்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"போதுங்களா நோனா? இல்ல, இன்னும் ஊத்தவா?"

பாயிஸா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியைத் துடைக்காமலே, பேசினைக் காலால் வேலாயியின் வாளிக்கு நேரே தள்ளினார்.